வீதிக்கு ஒறம்பரை வந்த ஏழாவது கிரீன்

கிணறெல்லாம் வாயைப் பிளந்து மேகம் பார்த்துக் கிடந்த ஒரு பங்குனியில், சுள்ளிப்பாளையம் கோல்ஃப் கிளப்பின் ஏழாவது கிரீன் ஒரு செவ்வாய்க்கிழமை விடிகாலையில் தன் இடத்தை விட்டு எழுந்து, மேடு இறங்கி, முள்கம்பி வேலிக்கு அடியில் உடம்பைச் சுருக்கி நுழைந்து, தார்ரோட்டைக் குறுக்கே கடந்து, மாரியம்மன் கோயில் வீதிக்கு வந்து, பொதுக்குழாய்க்கும் கோயில் வாசலுக்கும் நடுவே கிடந்த வெறும் மண்ணில் கொடிக்கம்போடும் குழியோடும் வட்டமாகப் படுத்துக்கொண்டது. முதலில் அதைப் பார்த்த லீலாவதி, இடுப்புக் குடத்தை இறக்காமலே, "ஏ பாவாயி, உன்ற புல்லு உன்னயத் தேடி வந்திருக்குது, வந்து என்னன்னு கேளு" என்று எதிர்வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

பாவாயிக்கு அந்தக் கிளப்பில் புல் வேலை. கோல்ஃப் ஆடுகிறவர்கள் எங்கிருந்தோ அடித்துக்கொண்டு வரும் பந்து கடைசியில் ஒரு குழிக்குள் விழவேண்டும், அந்தக் குழியைச் சுற்றிக் கல்யாணப் பந்தல் அகலத்துக்கு, புதிதாக முடிவெட்டிய தலைபோல ஒட்ட வெட்டி வளர்க்கிற புல்வட்டம்தான் கிரீன். சுள்ளிப்பாளையத்தில் அப்படி ஒன்பது இருந்தன, அதில் ஏழாவது பாவாயியுடையது. பட்டா ஒன்றும் அவள் பெயரில் இல்லை. ஆனால் கோரை முளைத்தால் பிடுங்குவதும், பனி காய்வதற்குள் புல்வெட்டும் மிஷின் தள்ளுவதும், மணலைச் சலித்துத் தூவுவதும், குழியின் ஓரம் சிதைந்தால் வேறிடத்தில் புதுக்குழி வெட்டிப் பழையதை மூடுவதும் இருபது வருஷமாக அவளே என்பதால், அவள் லீவு போட்ட நாளில் அந்தப் புல் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும் என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள். அதற்குத் தாகம் எடுத்தால் அவள் காலுக்குத்தான் முதலில் தெரியும். வெறுங்காலால் ஒரு மிதி மிதிப்பாள், புல் உடனே நிமிர்ந்துகொண்டால் வயிறு நிறைந்திருக்கிறது, தடம் அப்படியே கிடந்தால் நாக்கு வறண்டிருக்கிறது. அந்தப் பங்குனியில் காலையில் அவள் வைத்த தடம் சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்புகிறவரைக்கும் எழுந்திருக்காமல் கிடந்தது.

கிளப்பின் போர்வெல் குழாய்கள் தண்ணீருக்குப் பதிலாகக் காற்றையும் செம்மண்ணையும் துப்பத் தொடங்கியிருந்தன. பாவாயியின் புருஷன் ஆறுச்சாமி, வருஷத்தில் பதினைந்து நாள் மாரியம்மன் கோயில் பூசாரி, மிச்ச நாளெல்லாம் கிளப்பின் டிராக்டர் டிரைவர், எங்கெங்கோ போய்த் தொட்டியில் தண்ணீர் பிடித்து வந்து ஊற்றினான். அது பத்தவில்லை. கிளப் செக்ரட்டரி சுதர்சனம், பருத்தித் தரகு செய்து ஓய்ந்த மனுஷர், சட்டைப்பையில் விதிப்புத்தகம் இல்லாமல் தெருமுனைக்குக்கூடப் போகாதவர், பாவாயியைக் கூப்பிட்டு நிழலில் நிற்கச் சொன்னார்.

"மேட்டுக் கிரீன், ஊத்த ஊத்தக் குடிச்சிருது. மிச்சம் எட்டையாவது காப்பாத்தோணுமில்ல? ஏழாவதை விட்டுரலாம்னு கமிட்டில பேசியாச்சு. நீயும் மழை வர்றவரைக்கும் வீட்டுல இரும்மா. வந்தாச் சொல்லியனுப்பறேன்."

"மழை வந்தா நான் வருவனுங் சார். புல்லு வருமுங்ளா?"

அவர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

பாவாயி மேட்டுக்குப் போய் அதன் பக்கத்தில் குந்தினாள். "நாளைக்கு நான் வரமாட்டேன்" என்று சொன்னாள். "எங்க வீதில மூடுன பைப்புலகூட நாலு சொட்டு ஒழுகும். நீ அங்க வந்து பொறந்திருக்கக் கூடாதா? இந்த மேட்டுல வந்து பொறந்தே பாரு." இவ்வளவுதான் சொன்னாள். வீட்டுக்கு வழி சொன்னதாக அவளுக்கு ஞாபகமில்லை. ஆனால் இருபது வருஷமாக அவள் எந்தப் பக்கம் போகிறாள் என்று அந்தப் புல் பார்த்துக்கொண்டுதானே இருந்தது.

ஒறம்பரையாக வந்த அந்த விருந்தாளி மரியாதை தெரிந்ததாக இருந்தது. குழாயடியில் இடம்பிடிக்க முந்தின நாளே போட்டு வைத்திருந்த செங்கல், ஒற்றைச் செருப்பு, ஓட்டை வாளி எல்லாவற்றையும் அது ஓரமாக ஒதுக்கியிருந்தது, ஒதுக்கியதிலும் வரிசை மாறாமல் ஒதுக்கியிருந்தது, ஆகவே யாருக்கும் சண்டை பிடிக்கக் காரணம் கிடைக்கவில்லை. ஜனங்கள் சுற்றிவந்து பார்த்தார்கள். மேட்டிலிருந்து இறங்கியதில் ஓரம் கொஞ்சம் கசங்கியிருந்தது, வேலி கீறிய இடத்தில் ஒரு கோடு, மற்றபடி உடம்பு நலம்தான். பாவாயி வந்து, செருப்பை அவிழ்த்துவிட்டு, ஒரு காலை வைத்து எடுத்தாள். தடம் எழுந்திருக்கவில்லை. குழாயிலிருந்து ஒழுகிய நாலு சொட்டை அது ஒரு ஓரத்தால் நக்கிக்கொண்டிருந்தது, அந்த ஓரம் மட்டும் பச்சை, மற்றதெல்லாம் சாம்பல் பூத்துக் கிடந்தது. நாலு நாளைக்கு ஒருதடவை தண்ணீர் வரும் வீதியில் கல்யாணப் பந்தல் அகலத்துக்கு ஒரு வயிற்றை எப்படி நிரப்புவது என்று அவள் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

அன்றைக்குத்தான் மாரியம்மன் நோன்புக்குக் கம்பம் நடவேண்டிய செவ்வாய். மூன்று கிளையாகக் கவை விட்ட பச்சை மரத்தை வெட்டிவந்து கோயில் முன்னால் நட்டு, நோன்பு முடிகிறவரைக்கும் ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் விடியலில் ஒரு குடம் தண்ணீரில் மஞ்சளும் வேப்பிலையும் போட்டுக் கொண்டுவந்து அந்தக் கம்பத்துக்கு ஊற்றவேண்டும் என்பது அந்தச் சீமை வழக்கம். அந்த வருஷம் ஆறுச்சாமியும் நாலு பேரும் மூன்று நாளாகக் காடு காடாக அலைந்தும் வெட்டினால் ஈரம் கசிகிற ஒரு மரம் கிடைக்கவில்லை. எல்லாம் தட்டினால் பானைபோலச் சத்தம் கொடுத்தன. கையை வீசிக்கொண்டு திரும்பிய ஆறுச்சாமி, கோயிலுக்கு நேர் எதிரே பச்சைக்கு நடுவில் தானாக நட்டு நின்ற கம்பைப் பார்த்தான், கையெடுத்துக் கும்பிட்டான்.

"கம்பம் வந்திருச்சுங்க" என்றான்.

"கவை எங்கப்பா கவை? மொட்டையா நிக்குது" என்றாள் லீலாவதி.

"கவை இல்லீனா என்னக்கா. கொடில நம்பரு இருக்குதல்ல, ஏழு. கன்னிமாரு ஏழு பேரும் கூடவே வந்திருக்கறாங்கன்னு அர்த்தம்."

"டிராக்டர் ஓட்டறப்பவும் நீ இப்பிடித்தான், ரோடு இல்லாத எடத்துல ரோட்டக் கண்டுபுடிப்பே."

"போய்ச் சேந்தனா இல்லையா?"

"அது சரி, சேந்தே" என்று ஒப்புக்கொண்ட லீலாவதி, வரிசையில் முதல் ஆள் என்ற உரிமையில், இடுப்பிலிருந்த குடத்தை அப்போதுதான் இறக்கினாள். குண்டு அடியுள்ள அந்தப் பித்தளைக்குடம் எங்கே வைத்தாலும் உருளும், கொடிக்கம்பில் சாய்த்து அந்தக் குழியின் வாயோரம் வைத்தாள், பிரிமணையில் வைத்ததுபோல அசையாமல் உட்கார்ந்தது. அதற்குமேல் அத்தாட்சி யாருக்கும் தேவைப்படவில்லை. மஞ்சளைக் கரைத்தாள், வேப்பிலையைப் போட்டாள், தூக்கி ஊற்றினாள். பின்னாலேயே அடுத்த குடம், அதற்கடுத்த குடம். பாவாயி தன் குடத்தைக் கடைசியில் ஊற்றிவிட்டு ஒரு காலை வைத்துப் பார்த்தாள். புல் சோம்பல் முறிக்கிறமாதிரி மெல்ல, ஆனால் எழுந்தது.

கம்பம் நிற்கிறவரைக்கும் தண்ணீர் நிற்காது. அன்று ராத்திரி பாவாயி நிம்மதியாகத் தூங்கினாள். கம்பத்தைப் பிடுங்குகிற நாளை அவள் எண்ணிப்பார்க்கவில்லை, அதாவது எண்ணிவிட்டு மறந்ததாக வைத்துக்கொண்டாள்.

காணாமல்போன கிரீனைத் தேடி சுதர்சனம் மறுநாள் வந்தார். வட்டத்தின் விளிம்பில் நின்று, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அவர் கேட்ட முதல் கேள்வி, "செருப்போட யாராச்சும் ஏறுனாங்களா?"

"கம்பத்துக்கிட்டச் செருப்போட போவாங்ளா சார்?" என்றாள் பாவாயி.

"சரி. எப்பத் திருப்பியனுப்புவீங்க?"

லீலாவதி முன்னால் வந்தாள். "ஏனுங், ஒறம்பரை வந்தவங்கள எப்பக் கெளம்பறீங்கன்னு கேக்கற பழக்கம் உங்க ஊட்ல உண்டுங்ளா?"

"அதுக்கில்லம்மா. சித்திரை பொறந்தா ஷீல்டு மேட்ச் இருக்குது. மலை கிளப்புக்காரங்க வர்றாங்க. ஒம்பது குழி இல்லாம எப்பிடி ஆடறது?"

"காப்புக் கட்டியாச்சுங். கம்பம் நிக்கறவரைக்கும் இந்த வீதி மனுசங்களே எல்ல தாண்டிப் போய்த் தங்கக் கூடாது. கம்பம் போகுமுங்ளா?"

சுதர்சனத்துக்கு விதி என்று எதைச் சொன்னாலும் மரியாதை உண்டு. கோயில் படியில் உட்கார்ந்து தன் புத்தகத்தை எடுத்தார். வெயில் ஏறி, நிழல் சுருங்கி, யாரோ கொண்டுவந்து வைத்த மோர் சூடாகி, அதை அவர் அப்படியே குடித்து, கடைசிப் பக்கம்வரைக்கும் புரட்டியபிறகு நிமிர்ந்தார். கொடி நிற்கிற இடம்தான் குழி, கிரீன் வேலிக்கு உள்ளேதான் இருக்கவேண்டும் என்று எங்கேயும் போட்டிருக்கவில்லை. பந்தைக் குழியில் தள்ளும்போது கொடியைப் பிடுங்கித்தான் ஆகவேண்டும் என்பதும் பழைய விதி, இப்போது நிற்கவிட்டே ஆடலாம். "அப்பப் பிரச்சனை இல்ல" என்று எழுந்தார். "ஆனா வேலிக்கு வெளிய இருக்கற கிரீனுக்குக் கிளப்புல ஆள் போட முடியாது பாவாயி. கமிட்டி ஒத்துக்காது." சொல்லிவிட்டுப் போனவர், அன்றே கை மிஷினை ஆறுச்சாமியின் டிராக்டரில் ஏற்றிச் சாணை பிடிக்க என்று அந்த வீதிக்கே அனுப்பினார். சாணை பிடிக்கிற ஆள் யாரும் அந்த வீதியில் கிடையாது என்பது அவருக்குத் தெரியும்.

பிறகு அந்த வீதி அப்படியொரு கோடையை அதற்கு முன்னால் பார்த்ததில்லை. விடியலில் பாவாயி மிஷினைத் தள்ளி முடிப்பாள், அதற்குள் குடங்கள் வந்து நிற்கும், ஊற்றியபிறகு அவள் குந்தி உட்கார்ந்து வேப்பிலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்குவாள். குளிக்காமல் இருந்தவர்கள் உண்டு, குழம்பில் தண்ணீரைக் குறைத்தவர்கள் உண்டு, கம்பத்துக்கு ஊற்றாமல் இருந்தவர்கள் இல்லை. கோழிகள் கூடைக்குள் போயின. ஆடுகள் இரண்டு நாள் முயற்சி செய்துவிட்டு, பல்லுக்கு எட்டாத குட்டைப் புல் என்று தெரிந்ததும், காசில்லாதவன் மிட்டாய்க் கடையைப் பார்ப்பதுபோல விளிம்பில் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தன. உச்சி வெயிலில் தகர ஷீட்டெல்லாம் படபடவென்று பொரியும்போது, வீட்டுக்குள் இருக்கமுடியாத சனம் அதைச் சுற்றி உட்கார்ந்து காலை மட்டும் நீட்டிப் புல்லில் வைத்துக்கொள்ளும், சம்மந்தி சண்டையில் வருஷக்கணக்காகப் பேசாத இரண்டு வீட்டார் எதிரெதிரே உட்கார்ந்துவிட்டு உள்ளங்காலில் ஏறிய குளிர்ச்சியில் கோபத்தின் காரணத்தை மறந்துபோனார்கள், பித்தவெடிப்புகள் ஆறின, சீட்டாட்டத்தில் ஏமாற்றுவதுகூடக் குறைந்தது. தண்ணீரில்லாத வீதி என்று முன்னே பெண்ணெடுக்க மறுத்துப் போன ஒரு மாப்பிள்ளை வீட்டார், இன்னொருதரம் வந்து, பச்சையைப் பார்த்துவிட்டு, சம்மதம் சொல்லிக் கை நனைத்துப் போனார்கள்.

ஷீல்டு மேட்ச் அன்றைக்கு மேட்டிலிருந்து அடித்த பந்துகள் வேலியையும் ரோட்டையும் தாண்டி வீதிக்கு வந்தன. அந்தப் பக்கத்திலிருந்து எச்சரிக்கைக் குரல் வந்தால் இந்தப் பக்கத்தில் எல்லோரும் அண்டாவைத் தலைக்குமேல் பிடித்துக்கொள்வது என்று ஏற்பாடு. முதல் பந்து லீலாவதியின் கூரையில் விழுந்து, உருண்டு, வழுவழுவென்று கிரீனில் இறங்கியது, அவள் அதைத் தன் சாமர்த்தியமாகவே ஏற்றுக்கொண்டாள். இன்னொன்று குழாயடியிலிருந்த ஓட்டை வாளிக்குள் போய் விழுந்தது. வாளியை நகர்த்தலாமா என்று ஆடியவர் கேட்டார்.

"நகத்துனா என்ற எடம் போயிருமுங்" என்றாள் வாளிக்காரி.

சுதர்சனம் யோசித்தார். "அந்த வாளி வரிசையில நிக்குது. அதனால அது நகர்த்த முடியாத பொருள். நீங்க பந்தை எடுத்து வெளிய வெச்சு ஆடலாம்" என்று தீர்ப்புச் சொன்னார். வீதி முழுக்க அவரை அன்றிலிருந்து மதித்தது.

மலை கிளப்பிலிருந்து வந்திருந்தவர்களில் ஷெரின் என்று ஒரு உயரமான அம்மாள், எல்லோரையும் பார்த்துத் தானும் ஷூவைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு புல்லில் நின்று கொஞ்சநேரம் பந்தை மறந்துவிட்டாள். பிறகு குனிந்து குறிபார்த்தாள். அந்தப் புல்லில் தினமும் தண்ணீர் எப்படி ஓடுகிறது என்று பார்த்த சனம் சும்மா இருக்குமா? "அம்மிணி, சாக்கடப் பக்கம் இழுக்கும்" என்றது ஒரு குரல். "இழுக்காது, நேரா அடிங்" என்றது இன்னொன்று. "கோயில் பக்கமாத் திருப்புங், ஆத்தா பாத்துக்குவா" என்றான் ஆறுச்சாமி. எல்லோர் பேச்சையும் கேட்டுக் குழம்பிய ஷெரின் கண்ணை மூடிக்கொண்டு தட்டினாள். பந்து சாக்கடைப் பக்கம் போய், மனசு மாறி, கோயில் பக்கம் திரும்பி, கம்பத்தைத் தொட்டு, விழுந்தது. சொன்ன மூன்றுபேரும் தாங்கள் சொன்னதுதான் நடந்தது என்றார்கள். அந்த ஒரு பந்திலேயே ஷீல்டு மலை கிளப்புக்குப் போய்விட்டது என்று தெரிந்தும் வீதி குலவை போட்டது.

குழியிலிருந்து அவள் எடுத்த பந்து மஞ்சளாக இருந்தது. "எங்க மலையிலகூட இப்பிடி ஒரு கிரீன் இல்ல. யார் பார்த்துக்கறாங்க?" என்று கேட்டாள். அத்தனை விரலும் பாவாயியைக் காட்டின. பாவாயி தன் காலைப் பார்த்துக்கொண்டாள், சுதர்சனம் தூரத்துக் கரட்டுக் குன்றைப் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் கம்பம் பிடுங்குகிற நாள். பறையடிக்கிறவர்கள் வந்துவிட்டார்கள். ஆறுச்சாமி வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டிருக்கும்போது பாவாயி வாசலை மறித்து நின்றாள்.

"ஏனுங் மாமா, பிடுங்காம விட்டா என்னாகும்?"

"ஆத்தா மலையேறமாட்டா. நம்ம ஊட்லயே தங்கிக்குவா. மூணு வேளையும் நீதான் சோறு போடோணும்."

"போடறேன்."

"அவ சாப்புடுவா புள்ள. ஊரே பொங்கிப் போட்டாலும் மிச்சம் வெக்கமாட்டா." சிரித்தவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். "எனக்கும்தான் தெரியுது. நாளைல இருந்து யாரு ஊத்துவாங்க? நாலு நாளைக்கு ஒருக்கா வர்ற தண்ணி. நான் கேட்டாலும் கேப்பேன், சாமிக்குன்னு கேக்கலாம், புல்லுக்குன்னு எப்பிடிக் கேக்கறது?"

அவள் வழிவிட்டாள். கம்பம் ஒரே இழுப்பில் கையோடு வந்தது, அதைத் தோளில் தூக்கிக்கொண்டு மேளத்தோடு வீதி சுற்றி, ஆளாளுக்கு மஞ்சள்தண்ணீர் ஊற்றி அடித்து, கொடியைத் திருப்பி வாங்கலாமென்று வந்த சுதர்சனத்தையும் தலையிலிருந்து பாதம்வரை மஞ்சளாக்கி, சனமெல்லாம் சிரித்துக் குரல் கம்மி, கடைசியில் வழக்கப்படி கோயில் கிணற்றில் கம்பத்தை விட்டபோது அது வறண்ட அடியில் போய் டங்கென்று விழுந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எல்லோரும் இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். பாவாயியும் சிரித்தாள். புடவைத் தலைப்பில் மஞ்சள் சொட்டச் சொட்ட வீட்டுக்குப் போய், வயிறு வலிக்கிறது என்று சொல்லிச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

விடிந்தது. கம்பமில்லாத முதல் விடியல். அவள் பானையில் மிச்சமிருந்த தண்ணீரை ஒரு குடத்தில் சரித்தாள், முக்கால் குடம் தேறியது, இன்றைக்கு இது, நாளைக்கு அரைக்குடம், அப்புறம் பார்க்கலாம் என்று எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

லீலாவதி நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் வாளிக்காரி. அவளுக்குப் பின்னால், கோயிலைச் சுற்றிக்கொண்டு கண்ணுக்கு எட்டாத மூலைவரைக்கும், இடுப்பில் குடமும், திருட்டுத்தனமாக எதையோ செய்யவந்து மாட்டிக்கொண்ட முகமுமாக வீதிப் பெண்கள் அத்தனைபேரும் நின்றார்கள். மஞ்சள் இல்லை, வேப்பிலை இல்லை, வெறும் தண்ணீர்.

பாவாயி முக்கால் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "நோன்புதான் முடிஞ்சிருச்சேக்கா" என்றாள்.

"முடிஞ்சுது."

"கம்பம் போயிருச்சே."

"கம்பம் போனா என்ன? குழி இருக்குதல்ல?" என்றாள் லீலாவதி. "தெனம் விடிஞ்சா ஊத்திப் பழகியாச்சு. கை சும்மா இருக்க மாட்டேங்குது. நீ வெலகு மொதல்ல."

சளசளவென்று தண்ணீர் விழுந்தது. வரிசை பாதி நகர்ந்தபோது வேலிப் பக்கமிருந்து, காதோரத்தில் இன்னும் மஞ்சள் போகாத சுதர்சனம், வீட்டிலிருந்து ஒரு பெரிய பாட்டில் தண்ணீரோடு வந்து நேராகக் குழியைப் பார்த்து நடந்தார்.

"வரிசைல வாங்க சார்" என்றாள் வாளிக்காரி.

அவர் திரும்பிப் போய்க் கடைசியில் நின்றார். தன் முறை வந்ததும் ஊற்றிவிட்டு, காலிப் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு, "கமிட்டில நேத்தே சொல்லிட்டேன் பாவாயி. நாளைல இருந்து வேலைக்கு வந்துரு" என்றார்.

"எங்கீங் சார் வர்றது? வேலதான் இங்க வந்திருக்குது."

அவள் குடத்தை இறக்கிவைத்துவிட்டு ஈரப்புல்லில் ஒரு காலை வைத்து எடுத்தாள். பார்க்கக் குனிவதற்குள் தடம் மறைந்துபோயிருந்தது.

ஆனி பிறந்து, மேற்கிலிருந்து காற்றோடு சாரல் வந்து, மண்ணெல்லாம் மணத்த ஒரு காலையில் ஏழாவது கிரீன் எழுந்தது, கோயிலை ஒரு சுற்றுச் சுற்றியது, செங்கல், செருப்பு, வாளியைப் பழைய இடத்திலேயே வரிசை கலையாமல் வைத்தது, எதிரே வந்த ஆறுச்சாமி டிராக்டரை நிறுத்தி வழிவிட, ரோட்டைக் கடந்து மேடேறிப் போய்ப் படுத்துக்கொண்டது. லீலாவதிதான் கொஞ்சம் அழுதாள், ஒறம்பரை போனால் வீடு வெறிச்சென்றுதான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள்.

இன்றைக்கும் சுள்ளிப்பாளையத்தில் ஏழாவது குழிக்குள் விழுகிற பந்து லேசாக மஞ்சள் பூசிக்கொண்டுதான் வெளியே வருகிறது. வெளியூர்க்காரர்கள் கேட்டால் சுதர்சனம் அது உள்ளூர் விதி என்கிறார், ஷூவையும் கழற்றச் சொல்கிறார். கிளப் வேலியை வருஷாவருஷம் இழுத்துக் கட்டுகிறார்கள். ஒவ்வொரு பங்குனியிலும், வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்பும்போது, பாவாயி அந்தப் புல் நுழைந்துபோன இடத்தில் குனிந்து அடிக்கம்பியைக் கொஞ்சம் தூக்கிவிட்டுப் போகிறாள். அந்த ஒரு இடத்தை மட்டும் இதுவரை யாரும் சரிசெய்யவில்லை.